பத்து நாள் உபயமும் ஆறு ஜூம்லாவும்

ஒரு காலத்தில் 'அ' என்பது ஏழு எழுத்து. வெப்சைட் கட்டும் மென்பொருளான ஜூம்லாவின் 1.0 பதிப்பில் ஓடிய தமிழ் வெப்சைட்டுகளின் டேட்டாபேஸைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். அந்தப் பதிப்பு பக்கங்களை ஐஎஸ்ஓ 8859-1 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்துமுறையில் அனுப்பும். அப்படி வந்த பக்கத்தில் யூனிகோட் தமிழைத் தட்டினால், அந்த முறையில் இல்லாத எழுத்தைப் பிரவுசர் எண்ணாக்கிச் சர்வருக்குக் கொடுக்கும். முன்னால் & என்றும் # என்றும் இரண்டு குறி, நடுவில் 2949, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. கூட்டினால் ஏழு. திரையில் 'அ'தான் தெரியும். உள்ளே ஏழு இடம் போயிருக்கும்.

ஒரு கோயிலின் விழாப் பட்டியலில் தலைப்புக்கு 100 எழுத்து இடம் விட்டிருந்தார்கள். மலாயில் எழுதினால் 100 எழுத்து தாராளம். 'மாரியம்மன் திருவிழா' என்று தட்டிச் சேமித்தால் 'மாரியம்மன் திரு&' என்று வந்து நிற்கும். கணக்குப் போட்டால் சரியாக இருக்கும். கணினிக்கு மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனி. 'மாரியம்மன்' 70, இடைவெளி ஒன்று, 'திரு' 28, மிச்சமிருந்த ஒரே இடத்தில் அடுத்த எழுத்தின் முதல் குறி. மீதியை டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல் மூச்சுக் காட்டாமல் வெட்டிவிடும். செயலாளர் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்துவிட்டு, கோளாறு கீபோர்டில்தான் என்று புதுசு வாங்கிவிட்டார்.

தேடுபெட்டி இன்னொரு வேடிக்கை. புள்ளியின் எண் 3021. லாட் எண் 302 என்று யாராவது தேடினால் தளத்தில் இருக்கும் தமிழ்க் கட்டுரை அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும். புள்ளி வைக்காமல் தமிழில் யார் எழுத முடியும்?

பழைய வெப்சைட்டுகளைப் புதுப் பதிப்புக்குக் கொண்டுபோவதுதான் என் பிழைப்பு. ஜுருவில், ஒரு கடைவீட்டின் மாடியில். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு ஜுரு என்றால் டோல். ராத்திரி சாப்பிட வருகிறவர்களுக்கு ஆட்டோ சிட்டி. கொஞ்சம் வயதானவர்களுக்குக் குவாலா ஜுருவும் மட்டியும் ஞாபகம் வரும். ஆலைக்கழிவு ஆற்றைக் கெடுத்து மட்டி செத்துப்போனதை எதிர்த்து 1970களில் அந்த மீனவக் கம்பம் போராடியதும், பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்கள் பக்கம் நின்றதும் இந்த ஊரின் கதை. ஜோர்ஜ் டவுனில் இருப்பவர்களுக்கு நாங்கள் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆட்கள். ஆனால் பிறையிலிருந்து நிபோங் திபால் வரைக்கும் தோட்டக் கோயில், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கம், இளைஞர் மன்றம் என்று சின்னச் சின்ன அமைப்புகள் எவ்வளவோ உண்டு. ஒரு காலத்தில் அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வெப்சைட் வேண்டியிருந்தது. நான் அப்போது பிறைத் தொழிற்பேட்டையில் டெஸ்ட் டெக்னீஷியன். ஷிஃப்ட் முடிந்து வந்து எச்டிஎம்எல் படித்தேன். பிறகு தொழிற்சாலையை விட்டுவிட்டேன்.

இந்தப் பிராந்தியத்துத் தமிழர்கள் இணையத்துக்குப் பிந்தி வந்தவர்கள் அல்லர். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இலேயே தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றிவிட்டார். நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு மென்பொருள் 1980களின் நடுவிலேயே தொடங்கியது. மலேசியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போன பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட்டில் உலகத்துத் தமிழர்கள் கூடிப் பேசினார்கள். 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அதற்கு முன்பே மடற்குழுக்களில் வாதாடி வாதாடி உருவாக்கிய எழுத்துமுறைதான் டிஸ்கி. கீழ்ப்பாதி 128 இடத்தில் ஆங்கிலம், மேல்பாதி 128 இடத்தில் தமிழ். ஃபான்ட் இருந்தால் தமிழ், இல்லையென்றால் தலைக்குமேல் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள். அதனால் அந்தக் காலத்துத் தமிழ்த் தளங்களின் முகப்பில் "எழுத்துருவை இங்கே இறக்கிக்கொள்ளவும்" என்ற வரிதான் முதலில் கண்ணில் படும்.

யூனிகோட் இருக்கத்தான் செய்தது. விண்டோஸ் 2000இல் லதா ஃபான்ட்டோடு தமிழும் வந்துவிட்டது. எக்ஸ்பியில் அதை இயக்க ஒரு பெட்டியில் டிக் போட்டு, விண்டோஸ் சிடியைக் கேட்கும்போது உள்ளே போட வேண்டும். செபராங் பிறையில் அன்றைக்கு எத்தனை வீட்டில் விண்டோஸின் அசல் சிடி இருந்தது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தக் குழப்பத்துக்குள் வந்து சேர்ந்ததுதான் ஜூம்லா. மூதாதை மாம்போ, மெல்பர்னில் மிரோ என்ற கம்பெனி உருவாக்கியது. 2005 ஆகஸ்டில் கம்பெனி ஓர் அறக்கட்டளையை அமைத்தபோது, உண்மையில் நிரல் எழுதிக்கொண்டிருந்த குழு மனக்கசப்பில் கூண்டோடு வெளியேறியது. ஆகஸ்ட் 17 அன்று ஆண்ட்ரூ எட்டி தலைமையில் அவர்கள் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார்கள். செப்டம்பரில் ஜூம்லா 1.0 வந்தது. பெயர்ப்பலகையை மாற்றிய மாம்போதான் அது. அதனால்தான் ஜூம்லா 1.0இன் உள்ளே எந்த ஃபங்ஷனைப் பார்த்தாலும் பெயர் 'மோஸ்' என்று தொடங்கும்; மாம்போ ஓப்பன் சோர்ஸ் என்பதன் சுருக்கம்.

மலேசியாவில் அது பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் அரசாங்கம். பொதுத்துறையில் திறமூல மென்பொருளைப் பரப்ப 2004இல் அரசு அமைப்பான மாம்பு ஒரு பெருந்திட்டம் போட்டது. அதன்பிறகு துறை, இலாகா, மாவட்ட அலுவலகம் என்று எங்கே பார்த்தாலும் ஜூம்லாத் தளங்கள். வேலை தெரிந்த பையன்கள் கிடைத்தார்கள், மலாயில் பயிற்சிக் குறிப்புகள் கிடைத்தன. ஜூம்லாவுக்குள் ஃபேஸ்புக் மாதிரி ஒரு சமூகத்தளம் கட்டித்தரும் ஜோம்சோஷியலை உருவாக்கி உலகம் முழுக்க விற்றவர்களும் மலேசியர்களே. கோயில் கமிட்டிக்காரர் எவரும் மெல்பர்னையோ மாம்புவையோ நினைத்து ஜூம்லாவைத் தேர்ந்தெடுக்கவில்லை. தங்கச்சி மகன் எதைப் படித்திருந்தானோ அதைப் போட்டார்கள்.

நான் சொல்ல வந்தது, திருவிழாத் தலைப்பு வெட்டுப்பட்ட அந்தக் கோயிலின் தளத்தில் இருந்த ஒரு மாட்யூலைப் பற்றி. கடையில் கிடைக்காத, ஆள் வைத்து எழுதிய மாட்யூல். உபயக்காரர் பட்டியல்.

நிகழ்ச்சி நாட்காட்டி என்றால் அப்போதே ஜூம்லாவுக்கு நிறைய உண்டு. ஆனால் அவை எல்லாம் தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்குபவை. உபயம் தேதியில் நிற்பதில்லை. கொடியேற்றத்திலிருந்து மூன்றாம் நாள் இன்னார் குடும்பம், ஐந்தாம் நாள் இரண்டாம் டிவிஷன், ஆறாம் நாள் லாரி ஓட்டுநர்கள் என்று நாள்முறையில் நிற்பது. கொடியேற்றம் எந்தத் தேதி என்பதைப் பஞ்சாங்கம் வருஷா வருஷம் மாற்றும். உபய வரிசை மாறாது. தோட்டம் வீட்டுமனையாகிப் பல வருஷம் ஆன பிறகும், அந்த லயத்து ஜனங்கள் பிளாட்டுகளுக்குப் பிரிந்து போன பிறகும், இரண்டாம் டிவிஷன் உபயம் இரண்டாம் டிவிஷன் உபயம்தான். அந்த டிவிஷனே கிடையாது இன்றைக்கு. கொடியேற்றத் தேதியை மட்டும் கொடுத்தால் பத்து நாளுக்கும் தேதியும் கிழமையும் உபயக்காரர் பெயரும் பூஜை நேரமும் போட்டுத் தர வேண்டும்; அதற்குத்தான் மாட்யூல். 2006இல் ஒரு பையன் எழுதிக் கொடுத்துவிட்டுச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அவனுக்குப் பிறகு நான்.

ஜூம்லா 1.5 வந்தது 2008 ஜனவரியில். என்னைக் கேட்டால் தமிழ் வெப்சைட்டுகளின் சரித்திரத்தில் பெரிய நாள் அதுதான். பிற்பாடு வந்த பதிப்புகள் நிரலாளர்களுக்கு எவ்வளவு பெரிய மாற்றமாக இருந்தாலும், தமிழுக்கு எதையும் புதிதாகத் தரவில்லை. 1.5தான் உள்ளும் புறமும் யூடிஎஃப்-8க்கு மாறிய முதல் ஜூம்லா. 'அ' மறுபடியும் ஓர் எழுத்தானது.

ஆனால் பழையது புதியதற்குள் போக வேண்டுமே. மைக்ரேட்டர் என்று ஒரு கருவி கொடுத்தார்கள். பழைய தளத்தை ஒரே கோப்பாக எழுதித் தரும், 1.5ஐ நிறுவும்போது அதை ஏற்றிக்கொள்ளலாம்; இடையில் பழைய தளத்தின் எழுத்துமுறை எது என்று கேட்டு மொத்தத்தையும் மாற்றிவிடுவார்கள். இங்கிலீஷ் தளத்துக்கும் பிரெஞ்சுத் தளத்துக்கும் நன்றாக வேலை செய்தது. என் கைக்கு வந்த தமிழ்த் தளங்களில், எழுத்துமுறை எது என்ற அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் மூன்று விதமாக இருந்தது. சில சமயம் மூன்றும் ஒரே தளத்தில்.

முதல் வகை டிஸ்கி. டேட்டாபேஸ் அதை ஐரோப்பிய எழுத்து என்றே நம்பிக்கொண்டிருக்கும். மைக்ரேட்டரிடம் விட்டால் அந்தக் கொம்பு எழுத்துகளைப் பத்திரமாக யூனிகோடின் கொம்பு எழுத்துகளாக மாற்றிக் கொடுத்துவிடும். அதன்பிறகு டிஸ்கி ஃபான்ட் போட்டாலும் தமிழ் தெரியாது. டிஸ்கியில் எழுத்து கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் இருக்கும்: 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம். யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பிறகு. 'கொ'வுக்கு ககரத்தின் இரண்டு பக்கமும் இருப்பதைப் பிடுங்கி ஒன்றாக்கிப் பின்னால் வைக்க வேண்டும். இதற்கு நாமே ஸ்கிரிப்ட் எழுதியாக வேண்டும். நடுவில் எச்டிஎம்எல் குறிகளைத் தொட்டுவிடக் கூடாது.

இரண்டாம் வகை, மேலே சொன்ன ஏழெழுத்துத் தமிழ். இது சுலபம். எண்ணை எழுத்தாக்கினால் போதும். வெட்டுப்பட்ட வால்களை மட்டும் ஒருவர் உட்கார்ந்து கையால் சரிசெய்ய வேண்டும்.

மூன்றாம் வகைதான் ஆளைச் சாப்பிடும். கொஞ்சம் விஷயம் தெரிந்த சிலர் மொழிக்கோப்பில் ஒரு வரியை மாற்றிப் பக்கங்களை யூடிஎஃப்-8 ஆக்கிவிட்டார்கள். பிரவுசரிலிருந்து நல்ல தமிழ் வந்தது. ஆனால் மைஎஸ்கியூஎல் அட்டவணைகள் லத்தீன்-1 ஆகவே இருந்தன. ஸ்வீடன் கம்பெனி என்பதால் அதன் இயல்பான அகரவரிசைகூட ஸ்வீடிஷ். பினாங்குத் தோட்டக் கோயிலின் உபயக்காரர்கள் ஸ்வீடன் நாட்டு அகரவரிசைப்படி அடுக்கப்பட்டிருந்தார்கள் என்பதை நான் இதுவரைக்கும் கமிட்டியிடம் சொன்னதில்லை. இந்தத் தளங்கள் வெளியே பார்க்கச் சரியாகவே ஓடும். தவறான பெட்டியில் சரியான பொருள். மைக்ரேட்டர் வந்து, பெட்டியின் மேலே எழுதியிருப்பதை நம்பி, இன்னொரு தடவை யூடிஎஃப்-8 ஆக்கும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவது பைட் இரண்டில் ஒன்று. அதனால் இந்தச் சேதம் நடந்த பக்கத்தை எட்ட நின்று பார்த்தாலே அடையாளம் தெரியும்: பக்கம் முழுக்க வட்டத்துக்குள் ஆர், பதிவுபெற்ற வணிகக்குறிக்குப் போடுவார்களே, அது. ஒரு பக்கத்தில் அதை நூற்றுக்கணக்கில் பார்த்தால் இரட்டை மாற்றம் நடந்திருக்கிறது என்று அர்த்தம். இதற்கு வைத்தியம், மாற்றுவதற்கு முன்பே அந்தக் கட்டங்களை எழுத்தே இல்லாத வெறும் பைட் கட்டமாக, பிளாப் என்பார்கள், ஆக்கிவிட்டு, பிறகு யூடிஎஃப்-8 என்று அறிவிப்பது. மைஎஸ்கியூஎல் உள்ளே இருப்பதைத் தொடாது; பெட்டியின் பெயர் மட்டும் மாறும்.

மைக்ரேட்டர் ஜூம்லாவின் சொந்த அட்டவணைகளை மட்டுமே எடுத்துக்கொண்டு போகும். ஆள் வைத்து எழுதிய மாட்யூலின் அட்டவணைக்குத் தனியாக ஒரு துணைநிரல் எழுதிச் சேர்க்க வேண்டும். உபயக்காரர் அட்டவணைக்கு அப்படி எழுதினேன்.

கோடுக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. 1.5இல் லெகஸி என்று ஒரு பிளகின். அதை இயக்கி வைத்தால் 'மோஸ்' என்று தொடங்கும் பழைய ஃபங்ஷன்கள் எல்லாம் அப்படியே ஓடும். பாதிப் பேர் அதைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று பில் கொடுத்தார்கள். நான் அப்படிக் கொடுக்காததற்குக் காரணம் யோக்கியம் மட்டுமல்ல. பெயரைச் சுருக்கும் இடத்தில் அந்த மாட்யூல் பைட் கணக்கில் வெட்டிக்கொண்டிருந்தது. மூன்று பைட் எழுத்தை நடுவில் வெட்டினால் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி வரும். 1.5 இதற்கென்று எழுத்துக் கணக்கில் வெட்டும் ஒரு கருவி தந்தது. அதுவும் தமிழுக்கு முழுசாகப் போதாது. 'கோவிந்தசாமி'யை முதல் எழுத்துக்குச் சுருக்கச் சொன்னால் 'க' என்று கொடுக்கும். ககரமும் ஓகாரக்குறியும் அதற்கு இரண்டு எழுத்து. ஆக, உயிர்க்குறியோ புள்ளியோ ஒட்டியிருந்தால் சேர்த்து எடு என்று நாமே சொல்லிவிட வேண்டியிருந்தது.

அகரவரிசையும் அப்படியே. யூனிகோடில் தமிழ் எழுத்துகள் நிற்கும் வரிசை நம் நெடுங்கணக்கு அல்ல. ரகரத்துக்கு அடுத்து றகரம், லகரத்துக்கு அடுத்து ளகரம், பிறகு ழகரம், அப்புறம்தான் வகரம். நகரத்தை ஒட்டி னகரம் வந்து உட்கார்ந்திருக்கும். புள்ளியோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் பிறகு. அதனால் 'க்' என்பது 'கௌ'வுக்கும் பின்னால் போய்விடும். நன்கொடைப் பட்டியலில் இது வெளியே தெரியும், கமிட்டிக் கூட்டத்தில் கேள்வி வரும். எழுத்துகளை நெடுங்கணக்குப்படி அடுக்கிய ஒரு சின்ன வரிசைப்பட்டியலை மாட்யூலுக்குள்ளேயே வைத்தேன்.

அந்தக் கோடை வரி வரியாகப் படித்தபோதுதான் ஒரு விசித்திரமான இடம் கண்ணில் பட்டது. வருஷம் இரட்டைப்படை என்றால் ஏழாம் நாளையும் எட்டாம் நாளையும் இடம் மாற்று. அவ்வளவுதான். ஏன் என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை. நிரல் எழுதுகிற எவரும் பார்த்ததும் இது பிழை, சோதனைக்காகப் போட்டு எடுக்க மறந்தது என்றுதான் நினைப்பார்கள். சிங்கப்பூருக்குப் போன பையனின் நம்பர் மாறிவிட்டது. கமிட்டியில் இருந்த இளைஞர்களுக்குத் தெரியவில்லை. முன்னாள் செயலாளர் ஒருவர், தோட்டத்து ஆபீஸில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், சுங்கை பாக்காப்பில் மகள் வீட்டில் இருந்தார். போய்க் கேட்டேன்.

"அதுல கை வச்சிராதம்மா," என்றார் முதல் வார்த்தையாக.

ஏழாம் நாள் ராத்திரிதான் ரத ஊர்வலம். மரம் வெட்டிகளின் குடும்பங்களுக்கும் தொழிற்சாலை லயத்துக் குடும்பங்களுக்கும் அந்த நாள் யாருடையது என்று ஒரு தகராறு. கோயில் கொஞ்ச காலம் பூட்டிக் கிடக்கும் அளவுக்குப் போயிருக்கிறது. கடைசியில் பெரியவர்கள் உட்கார்ந்து, ஒற்றைப்படை வருஷம் ஒருவருக்கு, இரட்டைப்படை வருஷம் இன்னொருவருக்கு என்று பேசி முடித்தார்கள். எழுதி வைக்கவில்லை. எழுதினால் சங்கப் பதிவிலாகா வரைக்கும் போகும் என்று பயம். பேசி முடித்தவர்களில் இவர் ஒருவர்தான் அப்போது உயிரோடு இருந்தார். அந்தத் தீர்ப்பு பதிவாகியிருந்த ஒரே இடம் பிஎச்பியில் எழுதிய அந்த மூன்று வரி.

மூன்று வரியையும் அப்படியே எடுத்துக்கொண்டு போனேன். மேலே தமிழில் ஒரு குறிப்பு எழுதினேன், தகராறு என்ற சொல் வராமல்.

இது நடந்த பிறகு பதிப்பு மாற்றுகிற வேலையைப் பற்றி என் எண்ணமே மாறிப்போனது. டேட்டாவைக் கொண்டுபோகக் கருவி இருக்கிறது. கோடை எப்படி மாற்ற வேண்டும் என்று ஜூம்லாக்காரர்கள் பட்டியல் போட்டுத் தருகிறார்கள். இந்த மாதிரி மூன்று வரிக்கு எந்தப் பட்டியலும் கிடையாது. புதிதாக எழுதுவதுதான் சுத்தம், பழைய கோடைத் தூக்கிப் போடு என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அவர்கள் தூக்கிப் போடுவது எதை என்று பார்த்துவிட்டுப் போடுவதில்லை.

அதற்குப் பிறகு பதிப்புகள் மளமளவென்று வந்தன. 2011 ஜனவரியில் 1.6, ஜூலையில் 1.7, 2012 ஜனவரியில் 2.5. லெகஸி பிளகினை 1.6இல் எடுத்துவிட்டார்கள். அதை நம்பிப் பில் கொடுத்தவர்களின் வாடிக்கையாளர்கள் பலர் அந்த வருஷம் என் மாடிப்படி ஏறினார்கள். செக்ஷன் என்ற பிரிவே ஒழிந்து, கேட்டகரிக்குள் கேட்டகரி என்று ஆனது. 2012 செப்டம்பரில் 3.0. 'டிஎஸ்' என்று இரண்டெழுத்தில் ஒரு மாறிலி, கோப்புப் பாதையில் கோடு போடுவதற்கு எல்லாரும் உபயோகித்தது, அதில் இல்லை. அது ஒன்று இல்லாததாலேயே எத்தனையோ மாட்யூல் படுத்துக்கொண்டது. 'ஜெ மாடல்' என்றிருந்ததை 'ஜெ மாடல் லெகஸி' என்று மாற்ற வேண்டும். தேடி மாற்றினால் அரை மணி நேர வேலை. வாடிக்கையாளரிடம் எதற்குப் பணம் என்று விளக்க ஒரு மணி நேரம்.

3 நீண்ட நாள் நின்றது. கிட்டத்தட்ட 11 வருஷம். அந்தச் சாந்தி காலத்தில்தான் பாதித் தளங்கள் செத்தன. இளைஞர் மன்றங்கள் ஃபேஸ்புக்குக்குப் போயின, பெற்றோர் சங்கங்கள் வாட்ஸ்அப்புக்கு. மிச்சமிருந்ததில் பலவற்றை வேர்ட்பிரஸ்ஸுக்கு நானே மாற்றிக் கொடுத்தேன். பழைய கோட் ஓடுவதை வேர்ட்பிரஸ்காரர்கள் சுலபத்தில் நிறுத்துவதில்லை என்பது சின்ன அமைப்புகளுக்குப் பெரிய விஷயம். பழையதாக விட்ட தளங்களுக்கு ஆபத்து வேறு பக்கமிருந்து வந்தது. 2015 டிசம்பரில் ஜூம்லாவில் ஒரு பெரிய ஓட்டை வெளியானபோது, 1.5 முதல் 3.4.5 வரை எல்லாமே அதில் மாட்டின. காலாவதியான 1.5க்கும் 2.5க்கும்கூடத் திருத்தம் வெளியிட்டார்கள். உலகத்தில் எத்தனை பேர் பழையதிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதே மாதம் பிஎச்பி 7 வந்து, பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்களை நீக்கியது. ஹோஸ்டிங் கம்பெனி ஒரு நாள் ராத்திரி பிஎச்பியை உயர்த்தும். காலையில் தளம் வெள்ளைத் தாள். அறிவிப்பு ஈமெயில் வந்திருக்கும், முந்தைய கமிட்டித் தலைவரின் முகவரிக்கு.

இந்த அவஸ்தை ஜூம்லாவுக்கு மட்டும் சொந்தமல்ல. பெல்ஜியத்தின் ட்ரீஸ் பாய்டார்ட் 2001இல் வெளியிட்ட, இதே வகை மென்பொருளான ட்ரூபலில் இது ஒரு கொள்கையாகவே இருந்தது: உன் டேட்டாவைக் காப்பாற்றுவோம், உன் கோடைக் காப்பாற்ற மாட்டோம். 2015 நவம்பரில் ட்ரூபல் 8 வந்தபோது அடித்தளமே சிம்ஃபனிக்கு மாறியது. அதுவரைக்கும் ட்ரூபல் மாட்யூல் எழுதியவர்கள் 'ஹுக்' என்ற ஒரே உத்தியைக் கற்று வைத்திருந்தார்கள்; இப்போது வகுப்பு, நேம்ஸ்பேஸ், யாமல் கோப்பு என்று எல்லாவற்றையும் புதிதாகப் படிக்க வேண்டியதாயிற்று. பழைய முறையே போதும் என்றவர்கள் அது வெளிவரும் முன்பே பிரிந்துபோய் பேக்டிராப் என்று தனிக்குடித்தனம் வைத்துவிட்டார்கள். வேறு பலர் ட்ரூபல் 7ஐ விட்டு நகரவே இல்லை. 2011 ஜனவரி 5இல் பிறந்ததை நிறுத்தும் நாளை ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு, 2025 ஜனவரி 5இல்தான் முடித்தார்கள். 14 வருஷம். ஆள் வைத்து எழுதிய மாட்யூல்கள்தான் அவர்களையும் நகரவிடாமல் கட்டிப் போட்டிருக்கும் என்பது என் அனுமானம்.

ஜூம்லா 4 வந்தது 2021 ஆகஸ்ட் 17 அன்று, ஆண்ட்ரூ எட்டி கூட்டம் கடிதம் எழுதிய அதே தேதியில். உபய மாட்யூலுக்கு அதற்கு முன்பே வேறு சோதனை வந்துவிட்டது. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. கோயில் சாத்தியாகிவிட்டது, கொடியேற்றம் இல்லை. மாட்யூலுக்குக் கொடியேற்றம் இல்லாத வருஷம் என்று ஒன்று இருக்கும் என்பதே தெரியாது. தேதி கொடுக்காமல் விட்டால் 1970 ஜனவரி 1இலிருந்து பத்து நாளைக் கணக்குப் போட்டு அழகாகப் பட்டியல் கொடுத்தது. அதைவிடப் பெரிய கேள்வி, ஏழாம் நாள். 2020 இரட்டைப்படை. அந்த வருஷத்து முறைக்காரர்கள் தங்கள் முறை கழிந்துவிட்டதா, அடுத்து நடக்கும் விழாவுக்குத் தள்ளிப்போகிறதா என்று கேட்டார்கள். கிராணி ஐயா அப்போது இல்லை. கமிட்டி ஜூம் கூட்டத்தில் பேசிப் பேசி, நடக்காத விழாவைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தது. ஆக, ஒற்றைப்படை இரட்டைப்படைக் கணக்கு போய், கடைசியாக நடந்த விழாவில் யார் ஏழாம் நாள் செய்தார்களோ அவருக்கு அடுத்தவர் என்று ஆனது. மூன்று வரி பதினைந்து வரியானது. இந்தத் தடவை கூட்டக் குறிப்பிலும் எழுதச் சொல்லிவிட்டேன்.

4இலும் 2023 அக்டோபரில் வந்த 5இலும் கோடு முழுக்க நேம்ஸ்பேஸ்களுக்குள் போய்விட்டது. உபய மாட்யூல் இப்போது நாலைந்து அடுக்கு ஃபோல்டருக்குள் ஒழுங்காகக் குடியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்த ஓர் இடம்: 5இல் பழைய பெயர்களைத் தாங்கிப் பிடிக்க ஒரு பிளகின் வைத்திருக்கிறார்கள். பெயர் மட்டும்தான் வேறு. 2008இல் லெகஸியைப் போட்டு ஒப்பேற்றிய அதே கூட்டத்தின் அடுத்த தலைமுறை, இன்றைக்கு இதைப் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறது.

5க்கு மாற்றி முடித்துக் கமிட்டிக் கூட்டத்தில் காட்டினேன். பட்டியல் வந்தது, தமிழ் சரியாக இருந்தது, ஏழாம் நாள் சரியாக இருந்தது. பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது எத்தன வருஷம் தாங்கும் தங்கச்சி?"

இப்போதெல்லாம் இரண்டு வருஷத்துக்கு ஒரு புதுப் பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் நாலு வருஷம் ஆதரவு. 5க்கு 2027 அக்டோபர் வரைக்கும் என்றேன்.

"கும்பாபிஷேகமே பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவதான்."

"ஆமாண்ணே."

அவர் கணக்குப் புத்தகத்தில் ஏதோ எழுதிப் பார்த்தார். "அப்ப ஒரு கும்பாபிஷேகத்துக்கு மூணு அப்கிரேட்," என்றார். "மூணுக்கும் சேத்து ஒரே கொட்டேஷன் குடுத்துரு. கொறச்சுப் போடு லா." பிறகு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள், கூடாரத்து வாடகை.